காணிக்கைப் பையும் கணக்கு நோட்டும்

கேள்வி: என் சம்பளம் 3,200 வெள்ளி. மத்திய சேம நிதிக்கு (கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்புக்கு) 20 விழுக்காடு போக 2,560 கைக்கு வருகிறது. எதில் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு காணிக்கை) கணக்கிடுவது? கடனட்டைப் பாக்கியும் இருக்கிறது. ஊரில் அம்மாவுக்கும் அனுப்ப வேண்டும்.
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: 320ஆ, 256ஆ என்பதற்குப் புதிய ஏற்பாட்டில் கட்டளை இல்லை. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே" கொடுக்கச் சொல்கிறது 2 கொரிந்தியர் 9:7. பை முன்னால் வரும்போது கைக்கு அகப்பட்டதைப் போடுவது நியமிப்பு ஆகாது, சகோதரி. கைக்கு வருவதில் கணக்கிட்டால், 55 வயதுக்குப் பின் சேம நிதிப் பணத்தை எடுக்கும்போது அதையும் வருமானமாக எண்ணுங்கள். அப்போது நழுவாமல் இருந்தால் இரண்டு கணக்கு முறைகளும் நேர்மையானவையே.

கடனட்டை வட்டி ஆண்டுக்கு 25 விழுக்காட்டைத் தாண்டும். அந்தப் பாக்கியை ஏற்றிக்கொண்டு கொடுப்பது வங்கியின் பணத்தைக் கொடுப்பதுதான். இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்கிறார் பவுல் (2 கொரி. 8:12). இப்போது 50 வெள்ளிதான் முடியுமென்றால் சம்பள நாளன்றே அதைத் தனியே எடுத்துவையுங்கள். பாக்கி குறையக் குறையக் கூட்டுங்கள். அம்மாவுக்கு உரியதில் கைவைக்காதீர்கள். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் 'கொர்பான்' (தேவனுக்குக் காணிக்கை) என்று சொல்லி நிறுத்தியவர்களை இயேசு கடிந்துகொண்டார் (மாற்கு 7). நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துவைத்த அனனியாவின் பாவமும் (அப். 5) குறைத்துக் கொடுத்ததல்ல; முழுவதையும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்டதே.

கேள்வி: சபையில் காணிக்கை எண்ணும் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். குறை வராமல் எண்ணுவது எப்படி?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: எருசலேமுக்கான தர்மப்பணத்தைப் பவுலே தன் ஒருவர் கையில் வைத்துக்கொள்ளவில்லை. ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்கு, உடன் ஊழியரான தீத்துவோடு சபைகள் தெரிந்துகொண்ட ஒரு சகோதரரையும் அனுப்பினார். பவுலுக்கே அந்த எச்சரிக்கை தேவைப்பட்டது என்றால் நமக்கு எவ்வளவு தேவை!

பை எண்ணும் அறைக்குப் போகும்போதே இருவர் கூடப் போகட்டும். அவர்கள் கணவன் மனைவியாகவோ உடன்பிறந்தவர்களாகவோ இருக்கக்கூடாது. தசமபாகம், ஸ்தோத்திரக் காணிக்கை, மிஷனரி நிதி, கட்டட நிதி என உறைகளை முதலில் பிரித்துவிடுங்கள். உறைமேல் எழுதிய தொகையும் உள்ளே இருப்பதும் ஒத்துவராவிட்டால், உள்ளே இருப்பதையே கணக்கில் ஏற்றி, வித்தியாசத்தை உறையில் குறித்து இருவரும் கையெழுத்திட வேண்டும். 100, 50, 10, 5, 2 வெள்ளித் தாள்கள் எத்தனை, நாணயங்கள் எத்தனை என்று மையால் எழுதுங்கள். ஒருவர் எண்ணியதை மற்றவர் தொகையைக் கேட்காமல் மறுபடி எண்ணட்டும்.

பெரும்பாலான சபைகளில் குழப்பம் திருட்டில் தொடங்குவதில்லை. விருந்தினர் சாப்பாட்டுக்கு 60 வெள்ளியைப் பையிலிருந்தே எடுத்து, "அப்புறம் எழுதிக்கொள்ளலாம்" என்பதில்தான் தொடங்குகிறது. எண்ணிய தொகை ஒரு காசு குறையாமல் வங்கிக்குப் போகட்டும். செலவு தனி ரசீதோடு தனியே நடக்கட்டும். அப்போதுதான் எண்ணிய தாளும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போகும். இரண்டையும் மாதந்தோறும் ஒப்பிடுபவர் எண்ணாதவராக இருக்கவேண்டும். கைபேசிவழிப் பணம் அனுப்பும் பேநவ் சேவையின் கியூஆர் குறியீடு சபையின் பதிவெண்ணோடு இணைந்ததாக இருக்கட்டும். போதகரானாலும் பொருளாளரானாலும் ஒருவருடைய கைபேசி எண் வேண்டாம். கட்டட நிதியிலிருந்து மின்கட்டணத்துக்குத் 'தற்காலிகமாக' எடுப்பதும் கொடுத்தவருக்குச் செய்யும் துரோகம்தான். அறநிறுவனச் சட்டப்படி கணக்குப் பதிவேடுகளைக் குறைந்தது 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். யார் எவ்வளவு கொடுத்தார் என்பதை அறைக்கு வெளியே உங்கள் வீட்டாரிடம்கூடச் சொல்லாதீர்கள்.

கேள்வி: காணிக்கைக்கு வரிக்கழிவு உண்டா?
- வாசகர், தெம்பனிஸ்

பதில்: பொதுவாக இல்லை. பதிவுபெற்ற அறநிறுவனமாக இருப்பது மட்டும் போதாது. ஐபிசி (பொதுநல அமைப்பு) தகுதி பெற்ற அமைப்புக்குத் தரும் நன்கொடைக்கே கழிவு. சபையின் சமூகசேவைப் பிரிவு தனியாக அந்தத் தகுதி பெற்றிருந்தால், அதற்குக் கொடுக்கும்போது அடையாள அட்டை எண்ணைத் தாருங்கள். கழிவு உங்கள் வரிக்கணக்கில் தானாகச் சேர்ந்துவிடும். ஞாயிறு காணிக்கையை அந்தப் பிரிவின் பெயரில் எழுதி, பிறகு சபைக்குத் திருப்பிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.