புடவை கட்டுகிறோம், சட்டை போடுகிறோம். ஆங்கிலத்துக்கு மட்டும் ஏன் ஒரே வினை?

உடம்பில் ஒன்றைத் தரித்திருப்பதை ஆங்கிலம் ‘வேர்’ (wear) என்ற ஒரே வினைக்குள் அடக்கிவிடும். தமிழில் புடவை கட்டுகிறோம், சட்டை போடுகிறோம், பூ வைக்கிறோம். தமிழ் பெரும்பாலும் கை செய்யும் வேலையைப் பார்க்கிறது: சுற்றிச் செருகினால் கட்டு, தலையில் சூடினால் வை. ஜப்பானியம் உடம்பின் இடத்தைப் பார்க்கும்: சட்டைக்குக் ‘கிரு’, பேன்ட்டுக்கும் செருப்புக்கும் ‘ஹக்கு’, தொப்பிக்குக் ‘கபுரு’. அஞ்சறைப் பெட்டி மாதிரிதான். சாமான் அதே, தடுப்பு வீட்டுக்கு வீடு வேறு.

மொழிபெயர்ப்பு சறுக்குவது இங்கேதான். எல்லாவற்றுக்கும் ‘அணிந்தாள்’ என்று எழுதினால் வாக்கியம் விறைத்துப்போகும். முதலில் தரிக்கும் பொருள் எது என்று பாருங்கள், பிறகு வினையைத் தேடுங்கள். ‘வேர்’ நிலையைச் சொல்வதால் ‘கட்டினாள்’ அல்ல, ‘கட்டியிருந்தாள்’ என்பதே பெரும்பாலும் பொருந்தும்.

ஒரே வினை இருப்பதால் ஆங்கிலம் பேசுவோருக்கு இந்த வேறுபாடுகள் புரியாது என்று நினைப்பது தவறு. தேவைப்பட்டால் கூடுதலாக இரண்டு சொல் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.