வெளிநாட்டுக் கிராமத்தில் ஒரு குடும்பத்தோடு தங்கிய மாணவர்கள் யாராவது உண்டா? சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

உண்டு. ஜப்பானில் முதுகலை படித்தபோது ஒரு செப்டம்பரில் பத்து நாள் தங்கினேன். நீகாத்தா மாகாணத்தில், தோகாமாச்சிப் பக்கம் ஒரு மலைக் கிராமம். கொஷிஹிகாரி அரிசிக்குப் பேர்போன பூமி. மலைச்சரிவெல்லாம் படிப்படியாக வயல். குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்கு மேல் பனி கொட்டும் என்பதால் புது வீடுகளை உயரமான கான்கிரீட் மேடைமேல் கட்டியிருக்கிறார்கள். நான் இருந்தது பழைய மர வீடு. எழுபதைத் தாண்டிய கணவன் மனைவி, பிள்ளைகள் தோக்கியோவில். அவர்களை ஒதோசான், ஒகாசான் என்று கூப்பிட்டேன். அப்பா, அம்மா என்றுதான் அர்த்தம்.

குளிக்கும் முறை, கழிவறைக்குத் தனிச் செருப்பு இதெல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும். சாப்பாட்டுக்கு வருகிறேன்.

விண்ணப்பத்திலேயே 'இறைச்சி, மீன் சாப்பிட மாட்டேன்' என்று எழுதியிருந்தேன். ஒகாசான் அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். சுடச்சுடச் சோறு, கத்தரிக்காய் வதக்கல், வெள்ளரி ஊறுகாய், மிசோ என்கிற புளிக்கவைத்த சோயா விழுது கரைத்த சூப். மூன்று நாளும் அந்த சூப்பை "ஒய்ஷீ, ஒய்ஷீ" (ருசி, ருசி) என்று இரண்டு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

நாலாம் நாள் விடியற்காலையில் சமையலறைக்குப் போனேன். ஒகாசான் வெந்நீரில் எதையோ கைநிறைய அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். தச்சர் இழைப்புளியில் இழைத்த மரச்சுருள் போல, மெலிதாக, இளஞ்சிவப்பாக. கட்சுவோபுஷி! நம் மாசிக்கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கல் மாதிரி காயவைத்துச் சீவியது. அதில் இறக்கும் சாற்றுக்கு தாஷி என்று பேர். ஜப்பானியச் சமையலில் பாதி அதன் தலையில்தான் நிற்கிறது.

ஏமாற்றினார் என்று சொல்லவே மாட்டேன். அவர் கணக்கில் மீன் என்றால் தட்டில் கிடக்கும் துண்டு. தாஷி வெறும் தண்ணீர். அன்று காலை சூப்பையும் குடித்துவிட்டேன். ஊரில் பாட்டிக்கு இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "மீன் தாஷியும்... ச்சொத்தோ..." என்று இழுத்தேன். ச்சொத்தோ என்றால் 'கொஞ்சம்'. அப்படியே இழுத்து நிறுத்தினால் 'வேண்டாமே' என்று அர்த்தம். நாம் "கொஞ்சம் கஷ்டம்..." என்று இழுப்பதேதான். (ஜப்பானிய வாக்கியத்தில் வினைச்சொல் தமிழைப் போலவே கடைசியில் வருவதால், பாதி வார்த்தை தெரிந்தாலே ஒப்பேற்றிவிடலாம்.) ஒகாசான் முகம் சிவந்துபோய், பாய்த்தரையில் நெற்றி படக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை.

இரவே கொம்பு என்கிற கடற்பாசியையும் உலர்ந்த ஷிதாகே காளானையும் தண்ணீரில் ஊறப்போட்டார். மறுநாள் அதுதான் தாஷி. ஒதோசான் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "யார் செத்துப்போனது?" என்றார்.

விஷயம் இதுதான்: பௌத்த வழக்கப்படி துக்க காலத்தில் மீன், இறைச்சி தவிர்த்துச் சமைப்பார்கள். கோயில்களிலும் அதே சமையல். ஷோஜின் ரியோரி என்று பேர். ஒகாசானுக்கு அது தலைகீழ்ப் பாடம். என் தாளில் இருந்தது அதே சமையல்தான் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவே. ஆகவே ஜப்பான் போகிறவர்கள் 'வெஜிடேரியன்' என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். 'ஷோஜின் ரியோரி மாதிரி, கட்சுவோ தாஷியும் வேண்டாம்' என்று எழுதுங்கள். நான் படித்த ஊரிலும் அதற்குப் பிறகு இந்த வரியைத்தான் காட்டினேன்.

அப்புறம் அறுவடை. பெரிய இயந்திரம் திரும்ப முடியாத மூலைகளை அரிவாளால் அறுத்து, கதிர்க்கட்டுகளைக் கொடியில் துணி காயப்போடுவது போலத் தலைகீழாகத் தொங்கவிட்டோம். இரண்டு நாள் இடுப்பு நிமிரவில்லை.

கடைசி நாள் ஹெகி சோபா சாப்பிடக் கூட்டிப்போனார்கள். கடற்பாசி சேர்த்துப் பிசைந்த நூடுல்ஸ். மரத்தட்டில் வாய்க்கு ஒன்றாகச் சுருட்டிச் சுருட்டி வைத்திருப்பார்கள். தொட்டுக்கொள்ளும் சாற்றில் வழக்கம்போல நம் தம்பி. ஒகாசான் கைப்பையிலிருந்து சின்ன பாட்டில் ஒன்றை எடுத்தார். வீட்டில் இறக்கிய காளான் சாறு. கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து என் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.