டென்ட்டுக்கு இ.எம்.ஐ. போடலாமா?

கேள்வி: நாங்கள் ஈரோட்டில் இருக்கிறோம். கணவர் தனியார் மில்லில் சூப்பர்வைசர், நான் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். இருவர் வருமானமும் சேர்த்து மாதம் 58,000 ரூபாய். வீட்டுக்கடன் தவணை 16,200. பள்ளிக் கட்டணம், மளிகை, பெட்ரோல் எல்லாம் சேர்த்து 34,000. பிள்ளைகளுக்காக ஆர்.டி. 4,000. அவசரத்துக்கு என்று வங்கியில் 60,000 இருக்கிறது. மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. யூடியூபில் பார்த்துவிட்டு ‘டென்ட்ல படுக்கணும்’ என்று மகன் ஒரு வருடமாக நச்சரிக்கிறான். ஆயுத பூஜை விடுமுறைக்கு ஏற்காடு போகலாம் என்று இருக்கிறோம். ஆன்லைனில் 4 பேர் டென்ட் 16,999, ஸ்லீப்பிங் பேக் நான்கு 9,996, காற்று மெத்தை நான்கு 9,196, மடக்கு மேஜை நாற்காலி 6,499, கேஸ் அடுப்பும் பாத்திரமும் 3,299, விளக்கு இரண்டு 1,598, ஆக மொத்தம் 47,587 ரூபாய்க்கு எடுத்து வைத்திருக்கிறோம். ஆடித் தள்ளுபடி முடிவதற்குள் 12 மாத நோ காஸ்ட் இ.எம்.ஐ.யில் வாங்கினால் மாதம் 3,966தான். வாங்கலாமா? மலிவாகவும் நல்லதாகவும் வேறு என்ன வாங்கலாம்?

- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கேம்பிங் போவதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, கண்டிப்பாகப் போங்கள். ஆனால் அந்தப் பட்டியலை இப்போதைக்கு வாங்காதீர்கள்.

நீங்கள் எழுதிய கணக்கையே கூட்டிக் கழித்துப் பார்த்தேன். 58,000-இல் தவணை, செலவு, ஆர்.டி. மூன்றும் போக மாதம் மிஞ்சுவது 3,800. டென்ட் தவணை 3,966. மாதாமாதம் 166 ரூபாய் துண்டு விழுகிறது. 166 என்ன பெரிய காசா என்று தோன்றும். ஆனால் ஒரு மாதம் மகளுக்குக் காய்ச்சல் வந்தாலோ, வண்டிக்கு டயர் மாற்ற வேண்டி வந்தாலோ நீங்கள் முதலில் நிறுத்தப்போவது ஆர்.டி.யைத்தான். கார்டு தவணையை நிறுத்த முடியாது, ஆர்.டி.யை நிறுத்தினால் கேட்க ஆளில்லை. அந்த 60,000-ஐ நம்பலாமா என்றால், தவணையும் வீட்டுச் செலவும் சேர்ந்தே மாதம் 50,200 ஆகிறது. ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் தாங்கும், அவ்வளவுதான்.

அடுத்து ‘நோ காஸ்ட்’. வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. கிரெடிட் கார்டில் நடப்பது இதுதான்: வட்டிக்குச் சமமான தொகையைக் கடைக்காரர் விலையில் தள்ளுபடியாகக் கழிப்பார், வங்கி அந்த வட்டியை உங்களிடம் வசூலிக்கும். வட்டி 16% என்று வைத்துக்கொண்டால், நீங்கள் கட்டும் 47,587-இல் ஏறக்குறைய 3,880 ரூபாய் வட்டி. அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. தனி, சுமார் 700 ரூபாய். பிராசஸிங் ஃபீஸ் 199 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்தால் 900 ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போகும். இது போக, மொத்தமாகக் கட்டுபவருக்குக் கிடைக்கும் கார்டு தள்ளுபடி ஏதாவது இருந்தால் அதுவும் பெரும்பாலும் உங்களுக்குக் கிடைக்காது.

கடன் கணக்கு இவ்வளவுதான். இப்போது டென்ட் கணக்கு. இதற்கு நான் போடும் கணக்கு ஒன்றே ஒன்று, ஓர் இரவுக்கு எவ்வளவு ஆகிறது என்பது. பள்ளி, டியூஷன், மில் ஷிஃப்ட் எல்லாம் பார்த்தால் உங்களால் வருடத்துக்கு இரண்டு இரவு போக முடிந்தாலே அதிகம். இரண்டு வருடத்தில் நான்கு இரவு. 47,587-ஐ நான்கால் வகுத்தால் இரவுக்கு 11,900 ரூபாய். அந்தக் காசுக்கு ஏற்காட்டில் வெந்நீரும் காலை டிபனும் தருகிற நல்ல ஓட்டலிலேயே தங்கிவிடலாம். இதே பொருட்களை நாற்பது இரவு பயன்படுத்தினால் இரவுக்கு 1,190தான், அப்போது நானே வாங்கச் சொல்வேன். உங்கள் குடும்பத்துக்கு நாற்பதா நான்கா என்று இன்று உங்களுக்கே தெரியாது. தெரிந்துகொள்ளக் கொஞ்சம் காசு செலவழியுங்கள், மொத்தத்தையும் போட்டுவிடாதீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பல பேர் இதை டென்ட் வாங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள். அதை எங்கே அடிப்பீர்கள்? காட்டுக்குள் அனுமதி இல்லாமல் தங்கக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வனத்துறை விதிகளைக் கடுமையாக்கிவிட்டது. ஆக உங்களுக்கு மிஞ்சுவது தனியார் எஸ்டேட்டும் கேம்ப் நடத்துகிற இடங்களும்தான். அங்கே பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று வாங்கி, டென்ட்டை அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். சொந்த டென்ட் கொண்டுவந்தால் கட்டணம் குறையுமா என்று கேளுங்கள். குறையாது என்றால் 16,999 ரூபாய் டென்ட்டைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் அவர்கள் டென்ட்டில் படுத்துவிட்டு வருவீர்கள். அதனால்தான் எல்லோரும் முதலில் வாங்கும் டென்ட்டை நான் கடைசியில் வைக்கிறேன்.

முதலில் வாங்க வேண்டியது அடியில் விரிப்பதை. மலையில் ராத்திரி குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் நீங்கள் படுத்ததும் முதுகுக்குக் கீழே இருக்கும் பஞ்சு நசுங்கிவிடும். நசுங்கிய பஞ்சு சூட்டைக் காக்காது. காற்று மெத்தையும் தீர்வு இல்லை. உள்ளே இருக்கும் காற்று உடம்புச் சூட்டை வாங்கித் தரைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு முள் குத்தினால் அதுவும் போச்சு. 10 மி.மீ. தடிமன் உள்ள ஃபோம் பாய் சுமார் 700 ரூபாய்க்குக் கிடைக்கும், நான்குக்கு 2,800. அதன் மேல் ஒரு ஜமக்காளம். புவிசார் குறியீடு வாங்கிய பவானி ஜமக்காளம் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நெய்கிறார்கள், கல்யாண வீட்டுக்கு வாங்கியது ஒன்றாவது உங்கள் பரணில் இருக்கும். போர்த்திக்கொள்ள வீட்டுக் கம்பளியே போதும். ஏற்காடு சுமார் 5,000 அடி உயரம்தான், ஊட்டி மாதிரி ஜனவரியில் புல் மேல் உறைபனி படிகிற ஊர் இல்லை. ஊட்டி, கொடைக்கானல் என்று குளிர்காலத்தில் போகத் தொடங்கும்போது ஸ்லீப்பிங் பேக் வாங்கலாம். அப்போது ‘கம்ஃபர்ட்’ என்று போட்டிருக்கும் டிகிரியை மட்டும் பாருங்கள். மலிவான பைகளில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ‘எக்ஸ்ட்ரீம்’ டிகிரி. அந்தக் குளிரில் அந்தப் பையில் தூங்க முடியாது, உயிர் தப்பலாம் என்பதுதான் அதன் அர்த்தம்.

அடுத்து தலையில் மாட்டும் ஹெட்லைட் இரண்டு, 1,200 ரூபாய். கையில் குழந்தையும் தண்ணீர் பாட்டிலும் இருக்கும்போது டார்ச்சைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும், அதனால்தான் இது. கரண்ட் போனால் வீட்டிலும் உதவும். மழைக்கோட்டு நான்கு 1,200, பள்ளிக்கூடத்துக்கும் அதேதான். நல்ல தார்பாய் ஒன்று 1,200, கயிறு 200. மொத்தம் 6,600 ரூபாய். இந்தப் பட்டியலில் கேம்பிங்கைக் கைவிட்டால் வீணாகிற பொருள் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தார்பாயில் வற்றல் காயவைக்கலாம்.

தார்பாய் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. பல வருடங்களுக்கு முன், விலை குறைவு என்பதற்காகவே ஒரு டென்ட் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு ஏலகிரி போனேன். ஒற்றைத் துணி டென்ட், மேலே தனியாக மழைத்துணி கிடையாது. அடியில் ஈரம் ஏறக் கூடாது என்று பெரிய தார்பாயை விரித்து அதன் மேல் டென்ட்டை அடித்தேன். தார்பாய் நான்கு பக்கமும் ஓர் அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பார்க்க அழகாக, வாசலில் மிதியடி போட்ட மாதிரி இருந்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மழை. நீட்டிக்கொண்டிருந்த விளிம்பு பெய்த தண்ணீரை எல்லாம் பிடித்து டென்ட்டுக்கு அடியில் அனுப்பியது. மேலே எங்கள் மூச்சுக்காற்றே துணியில் வியர்த்து முகத்தில் சொட்டியது. காலையில் ஈரத்தோடு சுருட்டி வந்து பரணில் போட்டேன், மூன்று மாதம் கழித்துப் பிரித்தபோது பூஞ்சை வாடையில் வீட்டில் நிற்க முடியவில்லை. டென்ட்டுக்குக் கொடுத்த பணம் ஓர் இரவோடு முடிந்தது. தார்பாய் டென்ட்டின் தரையைவிட நான்கு விரல் உள்ளடங்கி இருக்க வேண்டும், வந்ததும் டென்ட்டை மாடியில் விரித்துக் காயவைக்க வேண்டும் என்ற இரண்டு பாடத்துக்கு நான் கட்டிய ஃபீஸ் அது.

மேஜை நாற்காலியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். உங்களிடம் என்ன கார் இருக்கிறது என்று எழுதவில்லை. ஆல்டோ மாதிரி சின்னக் காராக இருந்தால் நான்கு பேர், துணிமணி, பாய் எல்லாம் ஏற்றியபின் நாற்காலிக்கு இடம் எங்கே? மகனைத்தான் டிக்கியில் உட்கார வைக்க வேண்டும்.

அடுப்பும் முதல் முறைக்கு வேண்டாம். கேம்ப்பில் சாப்பாடு கிடைக்கும், இல்லாவிட்டால் புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள், கட்டுச்சோறு கட்டத் தெரியாத ஊரா நம்முடையது? பின்னால் வாங்கினாலும் இரண்டு விஷயம். கேஸ் அடுப்பையோ கரிக் கங்கையோ குளிருக்கு என்று டென்ட்டுக்குள் வைக்கவே கூடாது. அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். அப்புறம், கேஸ் குப்பியை ரயிலில் கொண்டு போவது குற்றம். காரில் போகும்போது மட்டும்தான்.

தேதியையும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். ஆயுத பூஜை சமயத்தில் ஏற்காட்டில் மழை பெய்ய நல்ல வாய்ப்பு இருக்கிறது, அடுத்தாற்போல் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிடும். ஐந்து வயதுக் குழந்தையோடு முதல் டென்ட் இரவு மழையில் கழிந்தால் அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள். பொங்கல் விடுமுறைக்கு வையுங்கள். குளிரும், ஆனால் மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். இதில் பணக் கணக்கும் சரியாக உட்காருகிறது. மிஞ்சும் 3,800-இல் மாதம் 2,000-ஐ அவசர நிதியில் சேருங்கள், 1,500-ஐ கேம்பிங்குக்குத் தனியே ஒதுக்குங்கள். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஐந்து மாதத்தில் 7,500 சேரும். 6,600 ரூபாய்ப் பொருட்களை ரொக்கமாகவே வாங்கிவிடலாம். தங்கும் கட்டணத்துக்குத் தீபாவளி போனஸில் ஒரு பகுதியை எடுத்து வையுங்கள். ஆர்.டி.யைத் தொடவே வேண்டாம். ஆடித் தள்ளுபடி போனால் தீபாவளித் தள்ளுபடி வரும், அதுவும் போனால் பொங்கல் தள்ளுபடி.

மூன்று இரவு போய்வந்த பிறகும் பிள்ளைகள் ‘அடுத்து எப்போ?’ என்று கேட்டால் டென்ட் பார்க்கலாம். ‘4 பேர்’ என்று போட்டிருந்தால் நான்கு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம் என்று அர்த்தம், பை வைக்க இடம் இருக்காது. உங்களுக்கு இப்போது அது போதும், மகன் வளர்ந்தால் போதாது. உள் துணி தனியாக, மழைத்துணி தனியாக இரண்டு அடுக்கு இருக்க வேண்டும். மழைத்துணி 2,000 மி.மீ. தண்ணீர் அழுத்தம் தாங்கும் என்று எழுதியிருந்தால் நம் ஊர் மலைக்குப் போதும். தையல் மேல் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், மழை முதலில் ஒழுகுவது தையல் ஓட்டையில்தான். செகண்ட் ஹேண்டில் வாங்கவும் தயங்க வேண்டாம், ஆசையில் வாங்கி ஒருமுறை படுத்துவிட்டு விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் போட்டோ பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். நேரில் போய் விரித்துக் காட்டச் சொல்லி, தரைத் துணியை உள்ளங்கையால் தடவுங்கள். பிசுபிசு என்று ஒட்டினாலோ புளித்த வாடை அடித்தாலோ உள்பூச்சு போய்விட்டது, சும்மா கொடுத்தாலும் வேண்டாம். கம்பிகளை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். ஃபைபர் கம்பியில் நார் நாராகப் பிரிந்திருந்தால் கையில் சிலாம்பு ஏறும், அடுத்த காற்றில் உடையும். ஜிப்பை ஐந்தாறு முறை இழுத்து மூடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், இந்த மாதமே ஒரு சனிக்கிழமை இரவு மொட்டை மாடியில் படுங்கள். செலவு கொசுவத்திதான். கொசுவலையைக் கொடிக்கயிற்றில் கட்டி நாலு மூலைக்கும் செங்கல் வைத்தால் மகனுக்கு அதுவே டென்ட். யாருக்கு முதுகு வலிக்கிறது, யாருக்கு ராத்திரி எத்தனை முறை பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது, நாய் குரைத்தால் யார் பயப்படுகிறார்கள் எல்லாம் தெரிந்துவிடும். மூன்று மணிக்கு மகள் எழுந்து ‘உள்ள போலாம்மா’ என்றால் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடலாம்.