அரிமா கினென்: ஓட்டும் பணமும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

ஜப்பானின் அரிமா கினென் குதிரைப் பந்தயம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எந்தக் குதிரைகள் ஓட வேண்டும் என்று ரசிகர்களே ஓட்டுப் போடுவதைச் சிலாகித்து எழுதியிருந்தீர்கள். சூதாட்டத்துக்குக் கூட்டம் சேர்க்கும் தந்திரம் அல்லவா அது? அவரவர் பணம் கட்டப்போகிற குதிரைக்குத்தானே ஓட்டும் போடுவார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கூட்டம் சேர்க்கத்தான் தொடங்கினார்கள். அதில் ஒளிவுமறைவே இல்லை. மூன்று வயதுக் குதிரைகளுக்கான பெரிய பந்தயமான டெர்பி டோக்கியோவில் நடந்தது. சிபா மாகாணத்து நகயாமா மைதானத்துக்கு அதற்கு ஈடாக ஒரு பெரிய பந்தயம் தேவைப்பட்டது. பந்தயக் கழகத் தலைவர் அரிமா யோரியாசு பேஸ்பாலிலும் ஊறியவர். பேஸ்பாலின் நட்சத்திர வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு ரசிகர்கள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் குதிரைகளுக்கும் கொண்டுவந்தார். 1956 டிசம்பரில் முதல் பந்தயம். அடுத்த மாதமே அவர் காலமானதால் பந்தயத்துக்கு அவர் பெயரையே சூட்டிவிட்டார்கள். பணமும் கொஞ்சநஞ்சமல்ல. 1996இல் இந்த ஒரு பந்தயத்தின் மீது மட்டும் சுமார் 8,750 கோடி யென் கட்டினார்கள். கட்டும் தொகையில் பத்தில் ஒரு பங்கு அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. அரசுக்கு என்ன குறை!

உங்கள் இரண்டாவது கேள்வியில்தான் நான் உடன்படவில்லை. 1990ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒகுரி கேப் என்ற சாம்பல் நிறக் குதிரை, கசமட்சு என்னும் சிறிய உள்ளூர் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 1988இல் தேசியப் பந்தயங்களுக்கு வந்து, அந்த ஆண்டே அரிமா கினெனை வென்றது. முன்கூட்டிப் பதிவு செய்யாததால் டெர்பியில் ஓட அதற்கு அனுமதி இல்லை. ஜனங்களுக்கு அதன்மேல் பாசம் பெருக அதுவும் ஒரு காரணம். மறு ஆண்டு ஒரு பெரிய பந்தயத்தை வென்ற அடுத்த வாரமே ஜப்பான் கோப்பையில் ஓடவிட்டார்கள், ஒரு குதிரைக் கழுத்தளவு வித்தியாசத்தில் தோற்றது. இப்படி ஓட்டியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

1990 இலையுதிர்காலத்தில் குதிரை களைத்துப்போயிருந்தது. பேரரசர் கோப்பையில் ஆறாவது இடம், ஜப்பான் கோப்பையில் பதினொன்றாவது. ஆனாலும் அரிமா கினென் ஓட்டில் அதற்குத்தான் முதலிடம். பணம் கட்டும் ஜன்னலுக்கு வந்தபோதோ அதே ஜனங்கள் அதை நான்காவதாகத்தான் மதித்தார்கள். ஓட்டுப் போட்டது பாசத்தில். பணத்தைக் கட்டியது கணக்குப் பார்த்து.

டிசம்பர் 23, கடைசி ஓட்டம் என்று அறிவித்தாயிற்று. மைதானத்தில் 1,77,779 பேர். ஜாக்கி 21 வயது யுதாகா தகே. தூரம் 2,500 மீட்டர். பார்வையாளர் மாடத்தை இருமுறை கடக்க வேண்டும். முன்னே போனவர்கள் வேகத்தைக் கூட்டவே இல்லை. தகே கடைசி வளைவிலேயே குதிரையை வெளிப்பக்கமாக முன்னுக்குக் கொண்டுவந்தார். அதற்குமேல் நேர்பாதை வெறும் 310 மீட்டர்தான், அதிலும் முடிவுக்குச் சற்று முன்னால் செங்குத்தான ஏற்றம். பின்னாலிருந்து மெஜிரோ ரயன் பாய்ந்து வந்தும் முக்கால் குதிரை நீளம் பற்றாமல் போயிற்று. கூட்டம் "ஒகுரி, ஒகுரி" என்று முழங்கியது.

எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிடம் 34.2 விநாடி. மந்தமான பந்தயம்தான், வேகம் கூடியிருந்தால் முடிவு மாறியிருக்கலாம். தகே அதைச் சரியாகக் கணித்தார் என்பதே என் எண்ணம்.

ஓட்டுக்குக் கட்டணம் கிடையாது. முதல் பத்து இடம் பெறும் குதிரைகளுக்கு முன்னுரிமை. மொத்தம் 16 குதிரைகள் வரை ஓடலாம். வரும் டிசம்பரில் ஓட்டு முடிவையும், கட்டிய பணத்துக்கு எத்தனை மடங்கு கிடைக்கும் என்று சொல்லும் பந்தய விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் எங்கே விலகுகின்றன என்று எனக்கும் எழுதுங்கள்.