உயரம் கூட்டிய டிரக்கும் நேரில் நிற்காத ஸ்டீயரிங்கும்: கேள்வி-பதில்

கேள்வி: என் பிக்கப் டிரக்கிற்கு, வண்டியை உயர்த்தும் 4 அங்குல லிஃப்ட் கிட் பொருத்தி, 35 அங்குல டயர்களும் போட்டேன். முன்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சும் காயில் ஸ்பிரிங்கும் உள்ள வண்டி. அன்று முதல் வேகமாகப் போகும்போது வண்டி இருபுறமும் அலைகிறது; திருப்பத்தில் ஒடித்த ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதில்லை; நேர்சாலையிலும் ஸ்டீயரிங் வீல் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது. வீல் அலைன்மென்ட் இரண்டு முறை செய்தாயிற்று. மூன்றாவது முறையும் செய்து பார்க்கலாம் என்கிறார் கடைக்காரர். பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். முதலில், முந்தைய இரண்டு முறையும் இயந்திரம் அச்சிட்ட அளவுச்சீட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். வேலைக்கு முன்பிருந்த அளவு, வேலைக்குப் பிந்தைய அளவு இரண்டும் அவற்றில் இருக்க வேண்டும். கேஸ்டர் (விளக்கம் அடுத்த பத்தியில்) என்று போட்டிருக்கும் வரியில் இரண்டு அளவுகளும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தால், கடைக்காரர் டோவை (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவை) மட்டும் திருத்திவிட்டு முழு அலைன்மென்டுக்கான கூலியை வாங்கியிருக்கிறார் என்று பொருள். இதை உடனே ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. ஒரே அச்சுள்ள முன்பக்கத்தில் கேஸ்டரையும் கேம்பரையும் (முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவையும்) திருகி மாற்றுவதற்கான வசதி பல வண்டிகளில் தொழிற்சாலையிலேயே வைக்கப்படுவதில்லை. சிலவற்றில் இந்தத் திருத்தத்துக்காக இருக்கும் கேம் போல்ட்டும் 4 அங்குல உயரத்துக்கு ஈடுகொடுக்காது. ஆனால், தன் கருவியால் மாற்ற முடியாத ஓர் அளவை மாற்றித் தருவதுபோல் மூன்றாவது முறையும் பில் போடுவதை ஏற்க வேண்டியதில்லை.

நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே. சக்கரம் எந்தக் கோட்டைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கோட்டின் மேல்முனை, பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது, பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவே கேஸ்டர். வண்டி நேர்கோட்டில் ஓடுவதற்கும், திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருவதற்கும் இந்தச் சாய்வே ஆதாரம். வண்டியை உயர்த்தும்போது, சேஸியிலிருந்து அச்சுக்கு வரும் கன்ட்ரோல் ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சரிகின்றன. அவற்றோடு அச்சின் மேல்பகுதி சற்றே முன்னோக்கி உருள்வதால் சாய்வு குறைந்துவிடுகிறது. உங்களுடையதைப் போன்ற வண்டிகள் பெரிய டயருடன் நிதானமாக ஓடுவதற்குப் பொதுவாக 4 முதல் 6 டிகிரி வரை கேஸ்டர் தேவைப்படும்; 4 அங்குலம் உயர்த்தியதில் 3 டிகிரி போய்விடுவது சாதாரணம். இழந்ததைத் திரும்பப் பெற, நீளத்தை மாற்றக்கூடிய கன்ட்ரோல் ஆர்ம்களையோ, ஆர்மின் சேஸி முனையைத் தாழ்த்தும் பிராக்கெட்டுகளையோ பொருத்த வேண்டும். பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டியாக இருந்தால், ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு வைப்பார்கள். ஆக, உங்களுக்குத் தேவைப்படுவது இன்னொரு அலைன்மென்ட் அன்று, ஓர் உதிரிபாகம். அதைப் பொருத்திய பிறகு ஒரே ஒரு முறை அலைன்மென்ட் செய்தால் போதும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பாகம் விற்பவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் டிரக்கில் முன்னச்சைப் பின்னோக்கி உருட்டிக் கேஸ்டரைக் கூட்டினால், அதே அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியலின் மூக்கு, அதாவது புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் முனை, கீழே இறங்குகிறது. அப்போது, முன்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் முன்பக்கப் புரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டுக் கோணம் கூடிவிடுவதால், அந்த ஷாஃப்ட் எப்போதும் சுழலும் வண்டிகளில் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஓர் அதிர்வு தொடங்கும். எனவே 'கேஸ்டர் எவ்வளவு கூடினாலும் நல்லது' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஷாஃப்ட் கோணத்தையும் அளந்து சொல்லும் பட்டறையிடம் வேலையைக் கொடுங்கள்.

இனி, ஸ்டீயரிங் வீல் சாய்ந்திருப்பது. ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் (drag link) என்ற நீண்ட கம்பி, வண்டி உயர்ந்ததும் முன்பைவிடக் கூடுதலாகச் சரிவதால், பக்கவாட்டில் அது எட்டும் தூரம் குறைந்துவிடுகிறது. அதன் நடுவிலோ முனையிலோ இருக்கும் மரைக்குழாயின் கிளாம்பைத் தளர்த்தி, குழாயைச் சிறிது சுழற்றினால் ஸ்டீயரிங் வீல் நேராகும். சில நிமிட வேலை. வண்டிக்கு அடியில் குனிந்து அந்த மரையைப் பாருங்கள். அதன்மேல் பழைய மண்ணும் துருவும் கலையாமல் இருந்தால், இரண்டு முறையும் யாரும் அதைத் தொடவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங் வீலையே கழற்றி நேராக மாட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் மறுத்துவிடுங்கள். மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு உள்ள வண்டியில் ஸ்டீயரிங் திரும்பியிருக்கும் கோணத்தை ஒரு சென்சார் படிக்கிறது. வீலை மட்டும் மாற்றி மாட்டினால், வண்டி நேராகப் போகும்போதும் திரும்பிக்கொண்டிருப்பதாகவே அது கணக்கிடும். எச்சரிக்கை விளக்கு எரியும், தேவையில்லாத நேரத்தில் பிரேக் தலையிடவும் கூடும்.

கடைசியாக, அச்சு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் டிராக் பாரின் (track bar) நீளம் மாறாமல் வண்டி மட்டும் உயர்ந்தால், அச்சு ஒரு பக்கம் நகர்ந்துவிடும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இருபுறமும் சேஸியிலிருந்து ரிம் வரை டேப்பால் அளந்தால் வேறுபாடு தெரியும். அதைச் சரிசெய்ய டிராக் பாரின் நீளத்தை மாற்ற வேண்டும், அல்லது அதன் பிராக்கெட்டை மாற்ற வேண்டும். டிராக் பாரும் டிராக் லிங்கும் ஒரே சரிவில், இணையாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஸ்டீயரிங் பாக்ஸையும் டிராக் லிங்கையும் இணைக்கும் பிட்மேன் ஆர்மைத் தாழ்த்தியதாக மட்டும் போட்டு டிராக் பாரை அப்படியே விட்டால் இரண்டும் வெவ்வேறு வளைவில் ஏறி இறங்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டீயரிங் கையிலிருந்து தானாகத் திரும்பும். 'கிட்டில் வந்தது, போட்டுவிட்டேன்' என்பது இதற்குப் பதிலாகாது.

கேள்வி: இதே வகை முன்னச்சு உள்ள என் டிரக், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வேகத்தில் சாலையின் இணைப்பு விளிம்பில் ஏறி இறங்கினால், முன்பக்கம் முழுவதும் கழன்றுவிடுவதுபோல் உதறுகிறது. ஏறக்குறைய நிறுத்தும் வரை அடங்குவதில்லை. ஸ்டீயரிங்கின் அதிர்வைத் தணிக்கும் ஸ்டீயரிங் டேம்பரை இரட்டையாக மாற்றினால் போதும் என்று விலை சொல்லியிருக்கிறார்கள்.

பதில்: டேம்பரை வாங்காதீர்கள்; குறை சரியாகும் வரை வேகச் சாலையில் வண்டியை எடுக்கவும் வேண்டாம். இந்த உதறலை மெக்கானிக்குகள் டெத் வாபிள் என்பார்கள். பெயர் மிகையாகத் தோன்றினாலும், அதை ஒருமுறை அனுபவித்தவர் மறுக்க மாட்டார். முன்பக்கத்தில் எங்கோ உள்ள ஆட்டம், ஓர் அதிர்ச்சியால் தூண்டப்பட்டு, தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் அதிர்வு இது. புதிய டேம்பர் அந்த ஆட்டத்தைச் சில வாரங்களோ சில மாதங்களோ மறைத்து வைக்கும். அதற்குள் தேய்மானம் மேலும் கூடி, அடுத்த முறை உதறல் இன்னும் கடுமையாக வரும். உதறத் தொடங்கினால் ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, சீராக வேகத்தைக் குறைத்து ஓரம்கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆட்டம் எங்கே இருக்கிறது என்பதைச் செலவின்றி நீங்களே பார்க்கலாம். வண்டியை ஜாக்கியில் தூக்காமல், டயர்கள் தரையில் அழுந்தியிருக்க, கியரை நியூட்ரலிலோ பார்க்கிலோ வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, இன்ஜினை ஓடவிடுங்கள். இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி வெட்டித் திருப்பட்டும். நீங்கள் வெளியே பக்கத்தில் படுத்து, ஒரு டார்ச் விளக்கால் ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது டிராக் பாரின் இரு முனைகளை. அச்சு நகர்வதற்கு முன் பார் மட்டும் அசைந்தால், அல்லது போல்ட் துளைக்குள் 'டக்' என்று நகர்ந்தால், குற்றவாளி பெரும்பாலும் அதுவே. லிஃப்ட் கிட் போட்டபோது அந்த போல்ட்டைப் போதிய அளவு இறுக்காமல் விட்டிருந்தால், துளை நாளடைவில் முட்டை வடிவமாகிவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, பிராக்கெட்டுக்கு வெல்டிங் வேலை தேவைப்படும். அடுத்து, இரு முன்சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் டை ராட் என்ற கம்பியின் முனைகள், டிராக் லிங்க் முனைகள், கன்ட்ரோல் ஆர்ம் புஷ்கள். பால் ஜாயின்டையும் வீல் பேரிங்கையும் மட்டும் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் கடப்பாரையால் நெம்பிப் பார்க்க வேண்டியிருக்கும்; அதைப் பட்டறையில் செய்யச் சொல்லுங்கள்.

ஸ்டீயரிங் பாக்ஸின் மேலிருக்கும் திருகை இறுக்கி ஆட்டத்தைப் போக்குகிறேன் என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். மற்ற மூட்டுகளின் தேய்மானத்துக்கு அது மருந்தாகாது. மிகையாக இறுக்கினால் பாக்ஸ் நடுவில் பிடித்துக்கொண்டு, ஸ்டீயரிங் நேருக்குத் திரும்பாது, பாக்ஸும் சீக்கிரம் கெடும். டயரின் பேலன்ஸையும் காற்றழுத்தத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கனமான பெரிய டயரில் சிறிய பேலன்ஸ் குறையே உதறலைத் தூண்டப் போதுமானது.

கேள்வி: முன்சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும் சஸ்பென்ஷன் கொண்ட டிரக், ஸ்பேசர் வைத்து 2 அங்குலம் உயர்த்தியிருக்கிறேன். அலைன்மென்ட் சீட்டில் எல்லா அளவும் பச்சை நிறத்தில் இருக்கிறது. ஆனாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது.

பதில்: பச்சை என்றால் தொழிற்சாலை அனுமதித்த வரம்புக்குள் இருக்கிறது என்பது மட்டுமே பொருள், வரம்போ அகலமானது, அதுவும் உயர்த்தாத வண்டிக்காக வகுத்தது. இடது, வலது அளவுகளை ஒப்பிடுங்கள். இரண்டும் தனித்தனியே பச்சையாக இருந்தும், ஒன்று வரம்பின் மேல் விளிம்பிலும் மற்றொன்று கீழ் விளிம்பிலும் இருக்கலாம். கேஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கமும், கேம்பர் எந்தப் பக்கம் பாசிட்டிவாகக் கூடியிருக்கிறதோ அந்தப் பக்கமும் வண்டி இழுக்கும். அளவுகளில் வேறுபாடு இல்லையென்றால் முன் டயர்களை இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில் இருக்கிறது, அலைன்மென்டில் இல்லை. ஒரே திசையில் மட்டும் சுழலும்படி அம்புக்குறி போட்ட டயரை இப்படி மாற்றக் கூடாது. கொஞ்ச தூரம் பிரேக் பிடிக்காமல் ஓட்டி நிறுத்தி, இரு முன்சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் சூடு அதிகமாகத் தெரிந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. இவை எதுவும் இல்லையென்றால், கேஸ்டரையும் கேம்பரையும் கூடுதலாகத் திருத்த இடம் தரும் மேல் கன்ட்ரோல் ஆர்ம்கள் வாங்குவதில் பொருள் உண்டு. முன்கூட்டியே வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: லிஃப்ட் கிட் இனிமேல்தான் வாங்கப் போகிறேன். கடையில் என்னென்ன கேட்க வேண்டும்?

பதில்: வண்டியை உயர்த்துவதற்கு முன்பே ஒருமுறை அளவெடுத்து, சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தகராறு வந்தால், எது முன்பே இருந்த குறை, எது லிஃப்ட்டால் வந்த குறை என்று பிரித்துக் காட்ட இதைவிடச் சிறந்த ஆதாரம் கிடையாது. கிட்டின் விலையைப் பார்க்குமுன், கேஸ்டரைத் திருத்தும் பாகமும் டிராக் பாருக்கான தீர்வும் அதில் அடங்கியிருக்கின்றனவா என்று கேளுங்கள். அவை இல்லாத மலிவான கிட் பெரும்பாலும் மலிவாக முடிவதில்லை. 'அலைன்மென்ட் சேர்த்து' என்று வாயால் சொல்வதை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள்: பொருத்திய பின் கேஸ்டர் எத்தனை டிகிரி இருக்கும், அது வராவிட்டால் கூடுதல் பாகத்துக்கு யார் பொறுப்பு என்பதோடு சேர்த்து.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. ரப்பர் புஷ் உள்ள ஆர்ம்களின் போல்ட்டுகளை, வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுதியாக இறுக்கக் கூடாது; சக்கரங்கள் தரையில் நின்று முழு எடையும் இறங்கிய பிறகே டார்க் ரெஞ்சால் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து விரைவில் கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா போல்ட்டுகளையும் மறுபடி சோதித்து இறுக்குவது கூலியில் சேருமா என்றும் கேளுங்கள். விண்ட்ஷீல்டில் கேமராவோ முன்பக்கம் ரேடாரோ உள்ள வண்டியாக இருந்தால், உயரம் மாறிய பின் அவற்றின் கேலிப்ரேஷனை யார் செய்வார்கள், அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள்.