மின்கம்பத்தடியில் உருகிய கல்: தோட்டத்தில் எரிமலை முளைக்குமா?

கேள்வி: ஐயா, உசிலம்பட்டிக்கு மேற்கே எங்களுக்கு நாலு ஏக்கர் தோட்டம் இருக்கிறது. போன வாரம் ராத்திரி மழையில், மோட்டார் ரூம் பக்கத்து மின்கம்பத்தின் அடியில் உர்ரென்று சத்தமும் நீல வெளிச்சமும். காலையில் பார்த்தால் மண் வெடித்து, கறுப்பாகக் கண்ணாடி போல ஒரு குழம்பு வெளியே வழிந்து உறைந்திருக்கிறது. ஊரில் எரிமலை என்கிறார்கள். மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடமும் கொளுத்தியாகிவிட்டது. மெக்சிகோவில் ஒரு விவசாயியின் சோளக்காட்டில் எரிமலை முளைத்த கதையை மகன் செல்போனில் காட்டினான். அதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. எங்கள் போர் தண்ணீரும் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டுமா?

பதில்: வீட்டைக் காலி செய்ய வேண்டாம். ஆனால் அந்தக் கம்பத்தை விட்டு உடனே விலகுங்கள். சூடம் கொளுத்தப் போனவர்கள் நல்லபடியாகத் திரும்பியதே பெரிய விஷயம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது எரிமலை இல்லை, கரண்ட்.

கம்பத்தின் உச்சியில் இருக்கும் பீங்கான் விரிசல் விட்டாலோ, கம்பி எங்காவது உரசினாலோ, மின்சாரம் எர்த் கம்பி வழியாகவோ கம்பத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி வழியாகவோ ஈர மண்ணில் இறங்கும். உயர் அழுத்த லைனாக இருந்தால் மண்ணுக்குள் தீப்பொறி இடைவிடாமல் ஓடி, அந்த இடத்துச் சூடு ஆயிரக்கணக்கான டிகிரிக்கு ஏறிவிடும். நம் செம்மண் உருக 1,100, 1,200 டிகிரி செல்சியஸ் போதும். ஹவாய் தீவில் ஓடும் எரிமலைக் குழம்பான லாவாவின் சூடும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால் உங்கள் ஊர்க்காரர்கள் கண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டுமே உருகிய பாறை, அடுப்புதான் வேறு. மணலில் மின்னல் இறங்கினாலும் இதே மாதிரிக் கண்ணாடி உண்டாகும்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கம்பத்தைச் சுற்றிக் குறைந்தது 30 அடிக்கு ஆள் அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், ஸ்டே கம்பியைத் தொடாதீர்கள், மோட்டாரைப் போடாதீர்கள். மண்ணில் மின்சாரம் பரவியிருக்கும்போது ஒரு கால் இருக்கும் இடத்துக்கும் மறு கால் இருக்கும் இடத்துக்கும் மின்னழுத்தம் வேறுபடும். அந்த வேறுபாடுதான் ஆளை அடிக்கும். பக்கத்தில் மாட்டிக்கொண்டால் எட்டு வைத்து ஓடக் கூடாது. இரண்டு பாதத்தையும் ஒட்டி வைத்து, தரையை விட்டுத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நகர வேண்டும். மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் தூரம் அதிகம், அதனால் அதற்கு ஆபத்தும் அதிகம். மாட்டைத் தள்ளிக் கட்டுங்கள். அப்புறம் ஈ.பி. ஆபீசுக்குச் சொல்லி, லைனை ஆஃப் செய்து, எர்த்தைச் சோதித்துத் தரச் சொல்லுங்கள். "உருகிய மண் வெளியே வந்திருக்கிறது" என்ற வார்த்தையை மறக்காமல் சொல்லுங்கள், அவசரம் புரியும்.

சரி, மகன் காட்டிய கதைக்கு வருவோம். அது உண்மைதான். 1943 பிப்ரவரி 20ஆம் தேதி, மெக்சிகோவின் பரிகுட்டின் கிராமத்தில், தியோனிசியோ புலிதோ என்ற விவசாயியின் சோளக்காட்டில் நிலம் பிளந்தது. புகை, சாம்பல், கந்தக வாடை. ஒரே நாளில் 50 மீட்டர் உயரத்துக்குக் குன்று, ஒரு வருடத்தில் 300 மீட்டருக்கு மேல். 1952 வரை அடங்கவில்லை. ஆனால் அது சும்மா முளைக்கவில்லை. அதற்கு முன்பு வாரக்கணக்கில் நிலம் நடுங்கிக்கொண்டே இருந்தது; முந்தின நாள் மட்டும் சுமார் 300 அதிர்வுகள். அந்த வட்டாரமே எரிமலைக் காடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய வாய்கள் அங்கே உண்டு. 1759இலும் ஹோருயோ என்ற இன்னொரு எரிமலை அங்கே புதிதாகப் பிறந்திருக்கிறது. பூமியின் மேற்பரப்பு பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது; அவற்றில் பசிபிக் கடலடித் தட்டு ஒன்று மெக்சிகோவுக்கு அடியில் சொருகிக்கொண்டே போகிறது. அதோடு இறங்கும் நீர் மேலேயுள்ள சூடான பாறையில் கலக்க, பாறை வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகிவிடுகிறது. இந்தோனேசியா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் எரிமலைகளுக்கும் இதேதான் அடுப்பு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பரிகுட்டினில் லாவாவில் சிக்கி ஒருவரும் சாகவில்லை. மூன்று பேர் இறந்தார்கள், சாம்பல் மேகத்தில் உண்டான மின்னல் தாக்கி. அங்கேயும் ஆளைக் கொன்றது மின்சாரம்தான்.

மதுரைப் பக்கம் அப்படி எந்த அடுப்பும் இல்லை. நாம் இருப்பது தட்டின் விளிம்பில் அல்ல, உள்ளே. யானைமலையை அணைந்த எரிமலை என்று சொல்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். அது லாவா கக்கி உண்டான மலை அல்ல. அந்தப் பாறையும் கொடைக்கானல் மலையின் கருங்கல்லும் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து இறுகியவை. வயது 50 கோடி ஆண்டுக்கு மேல். மேலே இருந்ததெல்லாம் கரைந்து போனபின் வெளியே தெரிகின்றன, அவ்வளவுதான். நமக்கு மிக அருகில் இருக்கும் உயிருள்ள எரிமலை அந்தமானின் பாரன் (Barren) தீவு. மதுரையிலிருந்து ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர். 1991இல் நீண்ட தூக்கத்திலிருந்து விழித்தது, இப்போதும் அவ்வப்போது புகைகிறது. அங்கே மனிதர்கள் யாரும் குடியில்லை. எங்கோ இருக்கும் எரிமலை நம்மைத் தொடுவதென்றால் சாம்பலாகத்தான் வரும். 2025 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹைலி குப்பி கக்கிய சாம்பல் டெல்லி வான்வரை வந்து விமானங்கள் ரத்தாயின.

போர் தண்ணீர் விஷயம் சுலபம். ஆழம் ஒரு கிலோமீட்டர் கூடினால் சுமார் 20, 25 டிகிரி சூடு கூடும். நம் ஊர் நிலத்தடி நீர் மேலேயே 28, 29 டிகிரி. உங்கள் போர் 1,000 அடி என்றால் இன்னும் ஆறேழு டிகிரி கூட வரும். விடியற்காலைக் குளிரில் கை வைத்தால் வெந்நீர் மாதிரிதான் இருக்கும். போர் போட்டு எரிமலைக் குழம்பையே தொட்ட இடமும் உண்டு. ஐஸ்லாந்தின் கிராப்லாவில் 2009இல் சுமார் 2,100 மீட்டரில் துளைக்கருவி அதில் போய் முட்டியது. அது எரிமலைக்குள்ளேயே துளைத்தது. நம் காலடியில் சுமார் 40 கிலோமீட்டருக்குக் கெட்டிப் பாறை.

இவ்வளவுக்கும் பிறகு சந்தேகம் இருந்தால், லைனைச் சரிசெய்து முடித்த பிறகு, லைன்மேன் சரி என்று சொன்னபின் அந்தக் கறுப்புக் கட்டியை எடுத்து உடைத்துப் பாருங்கள். உள்ளே குமிழிகளுக்கு நடுவே, உங்கள் தோட்டத்து மண்ணில் கிடக்கும் அதே வெங்கச்சங்கல் பொடி பாதி உருகியும் உருகாமலும் வெள்ளையாகத் தெரியும். தோண்டினால் சில அடியிலேயே சாதாரண மண் வந்துவிடும், கீழிருந்து வந்த பாதை என்று ஒன்று இருக்காது.