ஸ்டீராய்டை விட்டால் கொலஸ்ட்ரால் இறங்குமா?

கேள்வி: எனக்கு வயது 52. 9 ஆண்டுகளாக லூபஸ் (எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய்). தினமும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 10 மில்லிகிராமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சாப்பிடுகிறேன். இப்போது எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ரால் 172. ஸ்டீராய்டை நிறுத்திவிட்டு இயற்கை கேப்சூல் எடுத்தால் மூன்றே மாதத்தில் சரியாகிவிடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்க ஸ்டாடின் மாத்திரை எழுதியிருக்கிறார். தொடங்கினால் விடவே முடியாதாமே? ஸ்டீராய்டையும் ஸ்டாடினையும் ஒன்றாகச் சாப்பிடலாமா?

பதில்: ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இத்தனை ஆண்டுகளாக ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகொண்டிருப்பதால், அதை உடலுக்குள் சுரக்கும் அட்ரீனல் சுரப்பிகள் சோம்பிப்போயிருக்கும். மாத்திரையைச் சட்டென்று விட்டால் அவை உடனே விழித்துக்கொள்ளாது. ரத்த அழுத்தம் சரிந்து, வாந்தியும் மயக்கமும் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அடங்கிக் கிடந்த லூபஸும் கிளம்பிவிடும். அந்த லூபஸே இதய ரத்தக்குழாய்களைக் கெடுக்கிற நோய்தான். கொலஸ்ட்ரால் எண்ணைக் குறைப்பதற்காக இதயத்தைப் பணயம் வைப்பது என்ன கணக்கு?

ஸ்டீராய்டின் மேல் பழியே இல்லை என்று சொல்லவில்லை. கல்லீரல் அதிகக் கொழுப்பை ரத்தத்தில் இறக்குவதற்கும், நேரம் காலம் இல்லாமல் பசிப்பதற்கும் அது ஒரு காரணம். ஆகவே, "இந்த 10 மில்லிகிராமைக் குறைக்க முடியுமா?" என்று உங்கள் வாதநோய் மருத்துவரிடம் கேளுங்கள். தொடர்ந்து சாப்பிட வேண்டிய அளவை 5 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே கொண்டுவர வேண்டும், முடிந்தால் படிப்படியாக நிறுத்திவிட வேண்டும் என்பது ஐரோப்பிய வாதநோய்ச் சங்கங்களின் கூட்டமைப்பு 2023இல் புதுப்பித்த பரிந்துரை. அதற்குத் துணையாக, லூபஸை அடக்கிவைக்கும் அசதயோபிரின், மைக்கோஃபெனோலேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. இருந்தும் பழைய சீட்டை அப்படியே பார்த்து எழுதி அனுப்பிவிடுகிறார்கள். கொலஸ்ட்ராலைப் பற்றிக் கேட்டால் வாதநோய் மருத்துவர் இதய மருத்துவரிடம் போகச் சொல்வார். அவர் திரும்ப இவரிடமே அனுப்புவார். நடுவில் அலைவது நீங்கள். இருவரின் சீட்டுகளையும் ஒரே கோப்பில் போட்டு, இருவர் மேசையிலும் விரித்து வையுங்கள்.

இப்போது அந்தக் கேப்சூல். என்னிடம் வந்த ஒருவர் இப்படியொரு டப்பாவைக் கொண்டுவந்தார். முன்பக்கம் பச்சை இலை, 'பக்கவிளைவு அற்றது' என்று கொட்டை எழுத்து. பின்பக்கம், கண்ணாடி போட்டும் படிக்கச் சிரமமான எழுத்தில், 'சிவப்பு ஈஸ்ட் அரிசி'. எத்தனை மில்லிகிராம் என்று இல்லை. அந்த அரிசியில் உள்ள மோனகோலின் கே என்பது வேறொன்றுமில்லை, லோவாஸ்டாடின்தான்; 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஸ்டாடின் மாத்திரை. ஸ்டாடினுக்குப் பயந்து, அளவு தெரியாத ஸ்டாடினை அவர் விழுங்கிக்கொண்டிருந்தார்! டாக்டர் எழுதிய ஸ்டாடினும் கூடச் சேர்ந்தால் தசைகள் பாதிக்கப்படலாம். மூட்டு வலிக்கென்று விற்கும் சில 'மூலிகை' மருந்துகளிலோ, சொல்லாமல் ஸ்டீராய்டையே கலந்திருப்பது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. அதிமதுரம் சேர்ந்த கலவையும் உங்களுக்கு வேண்டாம். ஸ்டீராய்டோடு சேரும்போது பொட்டாசியத்தைக் குறைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். சிபாரிசு செய்பவருக்கு ஒரு டப்பாவுக்கு எவ்வளவு கமிஷன் என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். கொலஸ்ட்ரால் ஏறியதற்கு ஸ்டீராய்டும் சாப்பாடும் அல்லாமல் சிறுநீரகம் காரணமாக இருக்கலாம். லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டால் புரதம் சிறுநீரில் கசியும். இழந்த புரதத்தை ஈடுகட்டக் கல்லீரல் வேகமெடுக்கும். அந்த வேகத்தில் கொழுப்பும் கூடுதலாக உற்பத்தியாகும். சிறுநீர் நுரைத்து, நுரை அடங்காமல் நிற்கிறதா? மாலையில் செருப்பு இறுக்குகிறதா? காலையில் இமைகள் உப்பியிருக்கின்றனவா? இவை எதுவும் இல்லாமலும் கசிவு இருக்கலாம் என்பதால், சிறுநீரில் புரதம் எவ்வளவு என்ற சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கசிவு இருந்தால் முதல் வைத்தியம் சிறுநீரகத்துக்குத்தான். 80 சோதனைகள் கொண்ட 'முழு உடல் பேக்கேஜ்' என்று யாராவது தள்ளினால் வாங்காதீர்கள். இந்தப் புரதச் சோதனை, தைராய்டு, சர்க்கரை, கல்லீரல் என்சைம் போதும்.

ஸ்டாடின் பற்றிய பயத்துக்கு வருகிறேன். அது பழக்கமாகி அடிமைப்படுத்தும் பொருள் அல்ல. விட்டால் சில வாரங்களில் கொலஸ்ட்ரால் பழைய இடத்துக்கே ஏறும், அவ்வளவுதான். மாத்திரையையும் அளவையும் பொறுத்து எல்.டி.எல். சுமார் 30 முதல் 50 சதவீதம் வரை குறையும். தொடங்கி 4 முதல் 12 வாரங்களுக்குள் மறுபடி ரத்தச் சோதனை. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் அல்லது கௌட் மூட்டு வலிக்கான கொல்கிசின் சாப்பிட நேர்ந்தால் ஸ்டாடின் சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தொடையும் தோளும் வலித்தால் ஸ்டாடின் மேல் சந்தேகப்படலாம். வலியே இல்லாமல், நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருந்தால் அது பெரும்பாலும் ஸ்டீராய்டின் வேலை. எதுவானாலும் தசை பாதிப்பைக் காட்டும் சி.கே. என்ற ரத்தச் சோதனையைச் செய்துபார்க்காமல் மாத்திரையைத் தூக்கி எறியாதீர்கள்.

இரண்டையும் ஒன்றாகச் சாப்பிடலாம். பிரெட்னிசோலோனைக் காலை உணவுக்குப் பிறகு சாப்பிடுங்கள். இரவில் சாப்பிட்டால் தூக்கம் கெடும். ஸ்டாடின் சீட்டில் அடோர்வாஸ்டாடின் அல்லது ரோசுவாஸ்டாடின் என்று இருந்தால் எந்த வேளையும் சரி. மறக்காமலிருக்க அதையும் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சிம்வாஸ்டாடின் என்றால் மட்டும் இரவில்.